காதில் விழாத கேதம்

அத்தியாயம் பதினொன்று

எந்த நாளுக்காக அந்த வீடு மூன்று மாதமாக மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்ததோ அந்தப் புதன்கிழமை ஒருவழியாக விடிந்தது.

தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்கு விவரம் தெரியும். நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. சென்னையிலிருந்து வரும் 'தேசக்குரல்' பத்திரிகை மதுரையில் புது அச்சகம் போட்டுப் பதிப்பு தொடங்குகிறது. ஆறு மாதம் கூடவே வைத்துக்கொண்டு வேலை பழக்குவதற்கு ஜில்லா முழுவதிலும் இரண்டே இரண்டு பேரை எடுக்கப்போகிறார்கள். பழகித் தேறினால் நிருபர் உத்தியோகம். நம் தண்டாயுதபாணி எழுத்துப் பரீட்சையில் தேறிவிட்டான். நேர்முகம் ஒன்றுதான் பாக்கி. அதற்கும் மதுரைக்கு அலைய வேண்டாம், செய்தி ஆசிரியரே திண்டுக்கல் பயணியர் விடுதிக்கு வருகிறார் என்று தகவல் வந்தபோது அவன் தாய் சுப்புத்தாய் வாய்விட்டு அழுதாள். பாவம், அழுவதற்கு அவளுக்கு உரிமை உண்டு. புருஷன் வேலுசாமி செத்துப்போன இந்த ஆறு வருஷமாகச் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டுப் போட்டே மகனை பி.ஏ. வரைக்கும் கொண்டுவந்தவள்.

பின்கட்டில் குளித்துவிட்டு வந்த தண்டாயுதபாணி ஜன்னலோரம் நின்று தலை வாரினான். தெருமுனையில் ஆத்தா யாரோ ஒருவனிடம் பேசிக்கொண்டு நிற்பது தெரிந்தது. அந்த ஆள் ஒரு கையில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கியிருந்தான். ஆத்தா முந்தானையால் வாயை அழுத்திக்கொண்டிருந்தாள். சைக்கிளில் வந்தவனுக்கு நல்ல வேர்வை. ஆனாலும் ஒரு வாய்த் தண்ணீர் கேட்காமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

"யாரு ஆத்தா அது?"

"துணி குடுக்கிற ஆளு. இந்த வாரம் முடிச்சுப் போடத் துணி இல்லையாம்."

"அதுக்கா கண்ணு கலங்குற?"

"அடுப்புப் புகைடா. வந்து உக்காரு, சோறு போடுறேன்."

கத்தரிக்காய் வெஞ்சனம் வைத்துச் சோறு போட்டாள். அவன் சாப்பிட்டு முடிக்கும் வரை எதிரே நின்றாள். தான் ஒரு பருக்கை தொடவில்லை. அவன் கை கழுவியதும் ஒரு சொம்புத் தண்ணீரை அடுப்பில் கொட்டினாள். எரிந்துகொண்டிருந்த விறகு சீறி அணைந்தது.

"மதியத்துக்கு உலை வைக்க வேணாமா?"

"மதியத்துக்கு மதியம் பாத்துக்குவோம். நீ கிளம்பு."

காலில் விழப் போனவனைக் கண்டு இரண்டு எட்டுப் பின்னால் நகர்ந்தாள். "தொடாதேடா" என்றாள். குரல் கடுமையாக வந்துவிட்டது. உடனே தணிந்து, "நேரமாச்சு அப்பு. திருநீறை நீயே எடுத்துப் பூசிக்க. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போகாதே, கூட்டத்துல சட்டை கசங்கிப்போகும். மேக்கால போயி ரோட்டைப் பிடி" என்றாள்.

மகன் பத்திரிகைக்குப் போகிறான் என்ற பதற்றம் என்றுதான் அவன் நினைத்தான். வேறு எப்படி நினைப்பான்?

பயணியர் விடுதி வராந்தாவில் அவனுக்கு முன்னால் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருமே மடிப்புக் கலையாத சட்டை, எண்ணெய் வழியும் தலை. உள்ளே போனவன் ஒவ்வொருவனும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான். தண்டாயுதபாணியின் முறை வந்தபோது வெயில் நன்றாக ஏறிவிட்டிருந்தது.

மேஜைக்குப் பின்னால் செய்தி ஆசிரியர். ஒல்லியான மனிதர், மூக்கின் நுனியில் கண்ணாடி. ஜன்னலோரம் ஒரு நாற்காலியில் 'தேசக்குர'லின் திண்டுக்கல் நிருபர் தங்கமுத்து குறிப்பேடும் கையுமாக உட்கார்ந்திருந்தார்.

"நம்ம பத்திரிகையைப் படிக்கிறதுண்டா தம்பி?"

"தினமும் சார். வீட்டுக்கு வாங்கலை. நகராட்சி வாசகசாலையில எனக்கு முன்னாடி நாலு பேரு படிச்சு முடிச்சப்புறம் என் கைக்கு வரும்."

ஆசிரியர் லேசாகச் சிரித்தார். இங்கிலீஷில் வந்த தந்திச் செய்தி ஒன்றைக் கொடுத்துத் தமிழில் எழுதச் சொன்னார். எழுதினான். வாங்கிப் படித்தார். ஒரு வரியை மட்டும் அடித்தார்.

"இதை எதுக்கு அடிச்சேன் தெரியுமா? தந்தியில இல்லாததை நீங்களா சேர்த்திருக்கீங்க. நல்லாத்தான் இருக்கு. ஆனா நடக்கலையே. நடக்காததை எழுதுறவனை ஒரு நாள் கூட வச்சுக்க மாட்டேன்."

"சரிங்க சார்."

"மத்தபடி பரவாயில்லை. இப்ப சொல்லுங்க. இன்னைக்கு உங்க ஊர்ல என்ன செய்தி?"

"குடிதண்ணிதான் சார். தெருக்குழாயில தண்ணி வந்து…"

"அது போன மாசமே போட்டாச்சு. இன்னைக்குக் காலையில?"

தண்டாயுதபாணி யோசித்தான். காலையில் என்ன நடந்தது? குளித்தான், சாப்பிட்டான், வந்தான். "அப்படி ஒண்ணும் இல்லைங்க சார்" என்றான்.

ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

"சின்னாளபட்டி ஆண்டிச்சாமி விடியக்காலம் காலமாயிட்டார். நெசவாளர் சங்கத் தலைவர். தறியெல்லாம் நின்னுபோயிருந்த காலத்துல தெருத்தெருவாக் கஞ்சித் தொட்டி வச்சு, ஊர் சனத்தைச் சாகாமப் பார்த்துக்கிட்ட மனுஷன். இதோ, கூப்பிடு தூரத்துல நடந்திருக்கு. நிருபர் வேலைக்கு வந்திருக்கிற உங்களுக்குத் தெரியலை."

 ஆண்டிச்சாமி தண்டாயுதபாணியின் சொந்தப் பெரியப்பா, வேலுசாமியின் அண்ணன்.

சைக்கிளில் வந்தவன் யார் என்பது அப்போதுதான் புரிந்தது. கேதம் என்கிற சாவுச் சேதியைச் சொல்ல வந்தவன் அந்த வீட்டு வாசலில் தண்ணீர் குடிக்க மாட்டான். அடுப்பை அணைத்தது அந்தச் சாவுத் தீட்டால்தான். காலைத் தொட விடாததும் அதனால்தான். ஆத்தா எல்லாம் தெரிந்துகொண்டே சோறு போட்டு, எதிரே நின்று பார்த்து, மேற்கு வழியாக அனுப்பி வைத்திருக்கிறாள்.

ஆசிரியர் பேசிக்கொண்டே இருந்தார். "உங்களுக்கு ஒரு வாய்ப்புத் தர்றேன். அவருக்குப் பிள்ளை இல்லை. கொள்ளி வைக்க வேண்டியவன் தம்பி மகனாம், இதே திண்டுக்கல்லில் இருக்கானாம். ஆள் போயும் அவன் வரலையாம். பிரேதத்தை வெயில்ல போட்டுக்கிட்டு ஊரே காத்திருக்குன்னு தங்கமுத்து சொல்றார். யார் அந்தத் தம்பி மகன், எதுக்கு வரலை? விசாரிச்சு எழுதிக்கிட்டு நாலு மணிக்குள்ள என் மேஜைக்குக் கொண்டாங்க. கொண்டுவந்தா ஒரு இடம் உங்களுக்கு. நாலரை ரயில்ல நான் மதுரை போறேன்."

அப்போதே வாயைத் திறந்து, "அந்தத் தம்பி மகன் நான்தான் சார்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொந்த வீட்டுச் சாவை ஊரான் சொல்லித் தெரிந்துகொண்டவனுக்கு நாக்கு எழுமா? தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தான்.  பிறகு வீட்டைப் பார்த்து நடந்தான்.

சுப்புத்தாய் அணைந்த அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். தலைமுழுகியிருந்தாள். ஈரக் கூந்தல் அவிழ்ந்து கிடந்தது.

"பெரியப்பா செத்துப்போயிட்டாரா?"

 அவன் முகத்தைப் பார்த்தாள். "வேலை கிடைச்சுதா?" என்றாள்.

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு ஆத்தா."

"எவன் உன் காதுல போட்டான்?" என்று தலையில் கைவைத்துக்கொண்டாள். "காதுல விழுந்தாத்தாண்டா தீட்டு. விழலைன்னா உனக்கு ஒண்ணும் கிடையாது. சாயங்காலம் வரைக்கும் உன் காதுல விழாமப் பாத்துக்கிட்டா போதும்னு இருந்தேன். கேட்ட பாவம் எனக்கு, நான் சுமந்துட்டுப் போறேன்."

"காத்திருக்காங்களாம் ஆத்தா, எனக்காக. வெயில்ல."

"நீ மதுரைக்குப் போயிட்டே, வர ராத்திரி ஆகும்னு காலையில வந்த காத்தமுத்துகிட்டச் சொல்லி அனுப்பிட்டேன். பங்காளி வீட்டுல எவனாவது வைக்கட்டும்." சட்டென்று அவள் குரல் உயர்ந்தது. "உங்கப்பன் செத்துக் கிடந்தப்ப அவரு வந்தாரா? கூடப் பொறந்த தம்பி. வாசல் மிதிச்சாரா?"

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். வேலுசாமி செத்த அன்று அண்ணன் ஆண்டிச்சாமிக்கு யாருமே கேதம் சொல்லவில்லை. வேண்டுமென்று செய்ததல்ல. அடித்துப் பிடித்து அழுத வீட்டில், அண்ணனுக்கு முதலில் ஆள் போயிருக்கும் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்கள். யாரும் போகவில்லை. சேதி எப்படியோ காதுக்கு எட்டி ஆண்டிச்சாமி திண்டுக்கல் வந்தார். வந்தவர் தெருமுனையோடு நின்றுவிட்டார். சொல்லாத கேதத்துக்கு வாசல் மிதிப்பதில்லை என்ற வைராக்கியம். பாடை தன்னைத் தாண்டிப் போனபோது துண்டை வாயில் பொத்திக்கொண்டு குலுங்கியதை ஊர் பார்த்தது. சுப்புத்தாய்க்கு அவர் நின்றது மட்டும்தான் தெரிந்தது. அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது.

"அவரு செஞ்சதை நானும் செய்யணுமா?" என்றான் தண்டாயுதபாணி.

"நீ அங்க போனா உன்னை விட மாட்டாக. மொட்டை அடிச்சு, கோடித்துணி கட்டி, சுடுகாடு வரைக்கும் இழுத்துட்டுப் போயிருவாக. இந்த வேலை போச்சுன்னா மறுபடி வருமாடா? என் விரலைப் பாரு." இரண்டு கைகளையும் நீட்டினாள். முடிச்சுப் போட்டுப் போட்டு நகக்கண் எல்லாம் கறுத்துத் தடித்திருந்தது. அவள் அதுவரை மகனிடம் அந்தக் கையைக் காட்டியதே இல்லை.

அவன் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டான். இனிமேல் தொட்டால் என்ன, தொடாவிட்டால் என்ன.

"பத்திரிகைக்காரங்களும் அங்கதான் போகச் சொல்லியிருக்காக ஆத்தா. போயிட்டு வாரேன்."

சின்னாளபட்டி பஸ்ஸில் உட்கார்ந்ததும் அவனுக்கு இரண்டு வழி தெரிந்தது. கூட்டத்தோடு கூட்டமாக நின்று நாலு பேரிடம் விசாரித்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தால் நாலு மணிக்குள் திரும்பிவிடலாம். 'தம்பி மகனுக்கு உரிய நேரத்தில் தகவல் போய்ச் சேரவில்லை' என்று எழுதிக் கொடுத்தால் அது பொய்யும் ஆகாது. இடமும் கிடைத்துவிடும். மற்ற வழியில் போனால் பெரியப்பாவுக்கு ஒரு பிடி நெருப்பு கிடைக்கும், அவ்வளவுதான். அந்த மனிதர் சின்ன வயதில் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு சங்கக் கூட்டத்துக்குப் போயிருக்கிறார். மேடையில் தன் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொள்வார். அந்தத் தோளை நினைத்ததும் அவனுக்கு அழுகை வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பந்தலுக்குள் நுழையும் முன்பே சத்தம் கேட்டது. கொட்டு மேளச் சத்தமல்ல, சண்டைச் சத்தம். பெஞ்சியில் பெரியப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். நெற்றியில் காசு, மேலே சங்கக் கொடி. தலைமாட்டில் பெரியம்மா மாயம்மாள் உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது ஓய்ந்துபோன முகம். பந்தலுக்கு நடுவில், காலையில் தெருமுனையில் பார்த்த அதே ஆள் காத்தமுத்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பங்காளிகள் சுற்றி நின்று அவனை வறுத்து எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"உள்ளதைச் சொல்லுலே. நீ திண்டுக்கல்லு போகவே இல்ல. வழியில எங்கயோ படுத்துட்ட."

"போனேன் சாமி. அந்த அம்மாகிட்டச் சொன்னேன். மகன் மதுரைக்குப் போயிருக்குன்னாக."

"மதுரைக்கா? வர்ற வழியில எங்க ஆளு ஒருத்தன் அந்தப் பயலைத் திண்டுக்கல்லு ரோட்டுல வெள்ளைச் சட்டையோட பாத்திருக்கான். இன்னியோட நீ இந்த ஊருக்குக் கேதம் சொல்லப் போக வேணாம். உன் மகனும் போக வேணாம்."

காத்தமுத்து கட்டிய கையை அவிழ்த்துக் கும்பிட்டான். பரம்பரையாக அவன் குடும்பம் செய்து வருகிற வேலை அது. அதற்குக் கூலியாகத்தான் களத்துமேட்டுத் தானியமும் குடியிருக்கிற மனையும்.

அப்போதுதான் யாரோ தண்டாயுதபாணியைப் பார்த்தார்கள். "வந்துட்டான்யா" என்றார்கள். கூட்டம் விலகியது. மூத்த பங்காளி அவன் தோளைப் பிடித்தார்.

"அப்பு, நீயே சொல்லு. இவன் உங்க வீட்டுக்கு வந்து சொன்னானா, சொல்லலையா? உனக்குக் கேதம் வந்துச்சா?"

பந்தலே அவன் வாயைப் பார்த்தது. பந்தக்காலுக்குப் பக்கத்தில் தங்கமுத்து நின்றார். திண்டுக்கல்லிலிருந்து அவருக்கு முந்தைய பஸ் கிடைத்திருக்கிறது. கையில் பென்சில்.

வரவில்லை என்று சொன்னால் காத்தமுத்துவின் பிழைப்பு போகும். வந்தது, ஆத்தா மறைத்துவிட்டாள் என்று சொன்னால் அவள் இனி எந்தச் சொந்தக்காரன் வாசலிலும் நிற்க முடியாது. சாவை மறைத்தவள் என்ற பெயர் அவள் சாகும் வரை போகாது. தண்டாயுதபாணி மூத்த பங்காளியை நேராகப் பார்த்தான்.

"காத்தமுத்து அண்ணன் வந்து சொன்னாரு. எனக்குக் காலையிலயே தெரியும். பத்திரிகை வேலைக்கு ஆளெடுத்தாக. அதை விட மனசில்லாம நான்தான் வரலை. ஆத்தா போகச் சொன்னுச்சு. நான் கேக்கலை."

 காத்தமுத்து நிமிர்ந்து அவனைப் பார்த்தான். அவனுக்குத் தெரியும் அது பொய் என்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு கூட்டத்துக்குப் பின்னால் போய்விட்டான்.

தங்கமுத்து மெல்ல அருகில் வந்தார். "தம்பி, நீங்கதானா அது?" என்றார்.  "இப்ப சொன்னீங்களே, இதை நான் எழுதியாகணும். நாளைக்குப் பேரோட வரும். அதைப் பார்த்துட்டு ஆசிரியர் உங்களை எடுக்க மாட்டார்."

"எழுதுங்க சார். தண்டாயுதபாணி, தகப்பன் பேரு வேலுசாமி."

நடக்காததை எழுதுகிறவனை ஒரு நாள் கூட வைத்துக்கொள்ள மாட்டேன் என்றவர் அந்த ஆசிரியர். அவருடைய பத்திரிகையில் தன் பெயர் முதல்முதலாக வரப்போவது இப்படித்தானா என்று நினைத்தான். அதற்கு மேல் நினைக்கத் தெம்பில்லை. மொட்டை அடிக்க நாசுவர் கத்தியைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். சட்டையைக் கழற்றிவிட்டு அவர் முன்னால் குந்தினான்.

"நில்லு."

சொன்னது மாயம்மாள். விடிந்ததிலிருந்து அழுகையைத் தவிர வேறு எதற்கும் திறக்காத வாய்.

"தெரியாம இருந்தான்னா பச்சைப்புள்ளைன்னு விட்டிருப்பேன். தெரிஞ்சுக்கிட்டே வேலை தேடிப் போனவன் கை அவரு மேல பட வேணாம். ஆறு வருசமா தெனமும் இவனைப் பத்தித்தான் பேசுவாரு. என் மகன் என் மகன்னு. ஒருநாள் வருவான்னு."  கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கொள்ளியை எங்கிட்டக் குடுங்க. நானே வைக்கிறேன்."

"பொம்பளை சுடுகாட்டுக்கு வர்றதா? என்ன பேச்சு இது" என்றார் மூத்த பங்காளி.

"வராட்டி இப்படியே கெடக்கட்டும்."

கத்தி தீட்டியவர் கையை நிறுத்தினார். தண்டாயுதபாணி எழுந்திருக்கவும் முடியாமல், உட்கார்ந்திருக்கவும் முடியாமல் வெறும் உடம்போடு கிடந்தான். வேலை போனபோது வராத வேதனை இப்போது வந்தது. பெரியம்மா சொன்னதில் ஒரு சொல்லைக்கூட அவனால் மறுக்க முடியவில்லை. மறுத்தால் ஆத்தாவைக் காட்டிக்கொடுக்க வேண்டும்.

பஸ் வந்து நின்ற சத்தம் கேட்டது. தெருமுனையிலிருந்தே மாரில் அடித்துக்கொண்டு ஒருத்தி வந்தாள். சுப்புத்தாய். வீட்டில் இருக்க முடியாமல் மகன் பின்னாலேயே பஸ் ஏறிவிட்டிருக்கிறாள். பெண்கள் கட்டிப்பிடித்து அழ எழுந்து வந்தார்கள். வந்தவர்களில் ஒருத்தி, கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுகிற அழுகையோடேயே காதில் சொன்னாள்.

"உன் மகன் தெரிஞ்சுக்கிட்டே வரலையாம்ல. நீ போகச் சொல்லியும் கேக்கலையாம். அவன் வாயாலயே சொன்னான். நாளைக்குப் பேப்பர்ல போடப் போறாகளாம். மாயம்மா அவனைக் கொள்ளி தொட விட மாட்டேங்குது."

சுப்புத்தாயின் அழுகை நின்றது. கழுத்தில் கிடந்த கைகளை விலக்கினாள். நாசுவர் முன்னால் தலை குனிந்து உட்கார்ந்திருந்த மகனைப் பார்த்தாள். அவன் வேண்டாம் என்று தலையை அசைத்தான். அவள் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, பென்சிலோடு நின்ற தங்கமுத்துவைத் தாண்டி, பங்காளிகளைத் தாண்டி, நேராகத் தலைமாட்டுக்குப் போய் மாயம்மாள் முன்னால் மண்டியிட்டாள்.

"அக்கா" என்றாள். இரண்டு பேருக்கும் நடுவில் ஆறு வருஷமாக ஒரு சொல் கிடையாது. "அந்த ஆளை எழுத வேணாம்னு சொல்லு. எம் மகனுக்கு யாருமே சொல்லலை. நான் சொல்ல விடலை."